காலநிலை மாற்றமும் தென்பெண்ணை ஆற்றுப் படுகையின் மண்ணரிப்பும்

காலநிலை மாற்றத்தால் மழையின் அளவு மட்டும் மாறுவதில்லை; மழை பெய்யும் விதமும் மாறுகிறது. குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை, இடையில் நீளும் வறட்சி ஆகிய இரண்டும் நிலத்தின் மேல்மண்ணை அரித்து ஆறுகளிலும் ஏரிகளிலும் அணைகளிலும் வண்டலாகச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் உள்ள ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி பகுதிகளைத் தன் மேற்படுகையாகக் கொண்ட தென்பெண்ணை ஆற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த மாற்றம் நிகழும் முறையையும் அதன் விளைவுகளையும் தடுப்பு வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடமும் ஆற்றின் போக்கும்

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் உள்ள நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. கர்நாடகத்தில் இது தட்சிண பினாகினி எனப்படுகிறது. பெங்களூருவின் கிழக்குப் புறநகர்ப் பகுதிகளின் வடிகால் நீரையும் பெற்றுக்கொண்டு ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பின்னர் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வழியாகச் சென்று கடலூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. இதன் வடிநிலப் பரப்பு சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி தமிழ்நாட்டில் உள்ளது.

இவ்வாற்றின் குறுக்கே மேலிருந்து கீழாக மூன்று முக்கிய அணைகள் உள்ளன. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை (44.28 அடி), கிருஷ்ணகிரி அருகே கிருஷ்ணகிரி அணை (52 அடி), திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை (119 அடி) ஆகியவை அவை. கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் இரண்டும் 1950களில் கட்டப்பட்டவை.

ராயக்கோட்டை, ஓசூரிலிருந்து தருமபுரி செல்லும் இருப்புப்பாதையில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் உள்ள ஊர். மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கைப்பற்றிய மலைக்கோட்டை இங்கு உள்ளது. இன்று தக்காளிச் சந்தையால் இவ்வூர் அறியப்படுகிறது. இதற்கு வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. தென்மேற்கே, பஞ்சப்பள்ளி வழியாகச் சென்று ஒகேனக்கல் அருகே காவிரியில் சேரும் சின்னாறு உள்ளது. சூளகிரிப் பகுதியில் தென்பெண்ணையின் கிளையாக மற்றொரு சின்னாறும் இருப்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆக, ராயக்கோட்டை வட்டாரம் இரண்டு ஆற்றுப் படுகைகளைப் பிரிக்கும் மேட்டுப் பகுதிக்கு அருகில் உள்ளது. இங்கு கரையும் மண் ஒருபுறம் கிருஷ்ணகிரி அணையை நோக்கியும் மறுபுறம் காவிரியை நோக்கியும் செல்கிறது.

நில அமைப்பும் மண்ணரிப்புக்கு ஏற்றதாக உள்ளது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரி நகரம் சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சாலை வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் நிலம் இவ்வளவு இறங்குகிறது. பாறைக் குன்றுகளும், அவற்றின் அடிவாரத்தில் ஆழம் குறைந்த செம்மண்ணும் சரளை நிலமும் மிகுந்த பகுதி இது. கேழ்வரகு, சாமை, கொள்ளு, துவரை, நிலக்கடலை ஆகியவை மானாவாரியாகவும், தக்காளி, முட்டைக்கோசு, மலர்கள் ஆகியவை இறவைப் பாசனத்திலும் பயிராகின்றன. மாந்தோப்புகளும் மிகுதி.

மண்ணரிப்பு நிகழும் முறை

நீரால் ஏற்படும் மண்ணரிப்பு மூன்று படிகளைக் கொண்டது: மண் துகள் பெயர்தல், அது நீரோடு நகர்தல், வேகம் குறைந்த இடத்தில் படிதல்.

முதல் படியைத் தொடங்கி வைப்பது மழைத்துளி. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள தூறல் துளி விநாடிக்கு சுமார் 2 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெருந்துளி விநாடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. நிறையும் வேகமும் சேர்ந்து உயர்வதால் பெருந்துளியின் தாக்கும் ஆற்றல் தூறல் துளியினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். மண்சுவர் வீட்டின் அடிப்பகுதியில் கனமழைக்குப் பின் ஓரடி உயரத்துக்குச் செம்மண் தெறித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

பெயர்ந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேற்பரப்பில் ஓர் ஆடையை உருவாக்குகின்றன. அதனால் நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடத் தொடங்குகிறது. முதலில் நிலம் முழுவதும் மெல்லிய படலமாகவும் (படல அரிப்பு), பின்னர் சிறு கோடுகளாகவும் (ஓடை அரிப்பு), இறுதியில் உழுது மூட முடியாத பள்ளங்களாகவும் (பள்ள அரிப்பு) அரிப்பு வளர்கிறது. நீரின் வேகம் இரட்டிப்பானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு வரை உயரும் என்பது புவியியல் பாடநூல்கள் கூறும் விதி. சாதாரண நாளில் மணலைக்கூட நகர்த்தாத ஓடை, வெள்ள நாளில் பாறாங்கற்களை உருட்டுவது இதனால்தான். ஓர் ஆறு ஓராண்டில் கொண்டுசெல்லும் வண்டலின் பெரும்பகுதி சில வெள்ள நாட்களிலேயே நகர்ந்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 533.4 கோடி டன் மண் அரிக்கப்படுவதாகவும், இது எக்டேருக்குச் சராசரியாக 16.35 டன் என்றும் 1983இல் துருவ நாராயணா, ராம் பாபு ஆகியோர் மதிப்பிட்டனர். அரிக்கப்படும் மண்ணில் சுமார் 29 விழுக்காடு கடலுக்குச் செல்கிறது. 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிகிறது. எஞ்சியது ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்கிறது. எக்டேருக்கு 16 டன் என்பது பெரிய அளவாகத் தோன்றினாலும் நிலத்தில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம்தான். ஆகவே உழவர் கண்ணுக்கு இழப்பு தெரிவதில்லை. ஆனால் அந்த வேகத்தில் 15 சென்டிமீட்டர் உழவு மண் ஒன்றரை நூற்றாண்டுக்குள் தீர்ந்துவிடும். அதே அளவு மண் பாறையிலிருந்து உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

காலநிலை மாற்றத்தின் பங்கு

காலநிலை மாற்றம் மண்ணரிப்பை நான்கு வழிகளில் பாதிக்கிறது.

1. மழையின் செறிவு: வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியசு உயர்ந்தால் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு அதிகரிக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011–2020 காலத்தில் புவியின் சராசரி வெப்பநிலை 1850–1900 காலத்தைவிட சுமார் 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901–2018 காலத்தில் சுமார் 0.7 டிகிரி உயர்ந்ததாக 2020இல் நடுவண் புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை கூறியது. நீராவி அதிகம் உள்ள காற்றில் மழை பெய்யும்போது அது கனமாகப் பெய்யும் வாய்ப்பு உயர்கிறது. 850 மில்லிமீட்டர் மழை 50 நாட்களில் பெய்வதற்கும் 30 நாட்களில் பெய்வதற்கும் ஆண்டுக் கணக்கில் வேறுபாடு இல்லை; அரிப்புக் கணக்கில் பெரும் வேறுபாடு உண்டு.

2. வறட்சி: நீண்ட வறட்சியில் புல்லும் செடியும் காய்ந்து நிலம் வெறுமையாகிறது. மண் இறுகுகிறது அல்லது பொடியாகிறது. அதன் பின் வரும் முதல் கனமழை மூடாத மண்ணைத் தாக்குகிறது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. மறு ஆண்டே கிருஷ்ணகிரி அணைக்கு நீர்வரத்து பெருகி அணை நிரம்பியது. வறட்சி, வெள்ளம் என மாறிமாறி வரும் இத்தகைய ஆண்டுகளே மண்ணுக்கு மிகுந்த கேடு செய்கின்றன.

3. மண்ணின் கரிமப் பொருள்: வெப்பம் உயரும்போது மண்ணில் உள்ள மட்கு விரைவாகச் சிதைகிறது. மண் துகள்களை ஒட்டவைத்துக் கட்டிகளாக வைத்திருப்பது இந்த மட்குதான். அது குறைந்தால் மண் எளிதில் கரையும்.

4. பயிர்க் காலம்: பருவமழை தள்ளிப்போனால் விதைப்பும் தள்ளிப்போகிறது. உழுது வைத்த நிலம் பயிர் மூடாத நிலையிலேயே கனமழையைச் சந்திக்கிறது. கோடையில் ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் பெய்யும் மழை, கோடை உழவு முடிந்த நிலங்களில் அதிக மண்ணைக் கொண்டுசெல்வதும் இதனால்தான்.

2024 ஃபெஞ்சல் புயல் மழை

வங்காள விரிகுடாவில் உருவான ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வலுவிழந்த பின்னும் அது மெதுவாக உள்மாவட்டங்கள் வழியே நகர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையில் பாதிக்கும் மேலான அளவு அங்கு ஒரே நாளில் பெய்தது. 50 சென்டிமீட்டர் மழை என்பது ஓர் எக்டேர் நிலத்தில் 50 இலட்சம் லிட்டர் நீர் விழுவதற்குச் சமம். ஏரி நீர் சாலையில் பாய்ந்து வாகனங்களை இழுத்துச் சென்றது.

அதே நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. இது விநாடிக்கு சுமார் 4,750 கன மீட்டர். கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்களிலும் வயல்களிலும் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்த இடங்களில் சேறும் மணலும் தங்கின. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் இடையே சில மாதங்களுக்கு முன் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம் இடிந்தது. திருவண்ணாமலை நகரில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். மழை நீர் ஊறிய சரிவு நிலம் மொத்தமாகப் பெயர்வதும் மண்ணரிப்பின் ஒரு வடிவமே.

ஒரு தனிப் புயலை மட்டும் வைத்துக் காலநிலை மாற்றத்தை முடிவு செய்ய இயலாது. எனினும் இத்தகைய ஆய்வுகள் இப்போது செய்யப்படுகின்றன. 2024 சூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் பெருநிலச்சரிவை ஏற்படுத்திய ஒருநாள் மழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது என உலக வானிலைக் காரணிகளை ஆராயும் அறிவியலாளர் குழு மதிப்பிட்டது.

நிலப் பயன்பாட்டின் பங்கு

மண்ணரிப்பு முழுவதையும் காலநிலையின் கணக்கில் எழுதுவது பிழை. ஒரே மழை காட்டில் பெய்யும்போதும் வெட்டவெளியில் பெய்யும்போதும் இழக்கப்படும் மண்ணின் அளவு பன்மடங்கு வேறுபடுகிறது. மழை, அரிக்கும் ஆற்றலைத் தருகிறது. எவ்வளவு மண் போக வேண்டும் என்பதை நிலத்தின் நிலை முடிவு செய்கிறது.

ஓசூர்ப் பகுதியில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கியபின் தொழிற்சாலைகளும் குடியிருப்பு மனைகளும் சூளகிரி, கெலமங்கலம் வட்டாரங்கள் வரை பரவின. மனைக்காகச் சமப்படுத்திய நிலம் கட்டடம் எழும்பும் வரை மூடாத மண்ணாகக் கிடக்கிறது. கூரையிலும் சாலையிலும் விழும் நீர் உள்ளிறங்காமல் ஒரே நேரத்தில் ஓடையில் சேர்ந்து கரையை அரிக்கிறது. கருங்கல் குவாரிகளின் கழிவு மண், சரிவில் மேலிருந்து கீழாக உழுதல், மிகை மேய்ச்சல், ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு ஆகியவையும் வண்டலைப் பெருக்குகின்றன. காலநிலை மாற்றம் இந்தக் குறைகளின் விளைவைப் பெரிதாக்குகிறது.

அணைகளில் வண்டல்

ஓடும் நீர் அணையில் வந்து நின்றதும் வேகம் இழக்கிறது. மணல் அணையின் நுழைவாயிலிலும், நுண்ணிய களிமண் உட்பகுதியிலும் படிகின்றன. அணையின் உயரம் மாறுவதில்லை. அதனுள் நிற்கும் நீர் மட்டும் ஆண்டுதோறும் குறைகிறது. கிருஷ்ணகிரி அணை 52 அடி நிரம்பினால் இன்று கணக்கில் கொள்ளப்படும் கொள்ளளவு 1,666 மில்லியன் கன அடி. கட்டியபோது இருந்த கொள்ளளவில் கணிசமான பகுதியை அது வண்டலால் இழந்துள்ளது. "அணை நிரம்பியது" என்ற செய்தியில் உள்ள அடிக்கணக்கு, பாசனத்துக்குக் கிடைக்கும் நீரின் அளவை முழுமையாகச் சொல்வதில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

வண்டலோடு வேறு பொருள்களும் வருகின்றன. வயல் உரத்தில் உள்ள பாசுபரசும், தொழிற்சாலை, நகரக் கழிவுகளில் உள்ள உலோகங்களும் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு அணையின் அடியில் சேர்கின்றன. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி வெளியேறுவதும், கிருஷ்ணகிரி அணை நீர் பச்சை நிறமாக மாறுவதும் இப்பகுதி மக்கள் அறிந்த காட்சிகள். இத்தகைய அணைகளில் தூர் வாரும்போது மண்ணை ஆய்வு செய்த பிறகே வயலுக்கு இடுவது பாதுகாப்பானது.

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2050க்குள் உலகின் பெரிய அணைகள் தம் தொடக்கக் கொள்ளளவில் ஏறக்குறைய கால் பங்கை வண்டலால் இழக்கும். இந்தியாவில் இந்த இழப்பு சுமார் 26 விழுக்காடு.

கீழ்ப்படுகையில் ஏற்படும் விளைவு

மேற்படுகையில் மண் மிகுதியாக அரிக்கப்பட்டாலும் கீழ்ப்படுகைக்கும் கடலுக்கும் போதிய மணல் சென்று சேர்வதில்லை. அணைகள் அதைத் தடுத்துவிடுகின்றன. எஞ்சியதை மணல் அள்ளுதல் குறைக்கிறது. வண்டல் இல்லாத தெளிந்த நீர் வெள்ளமாகப் பாயும்போது ஆற்றின் அடியையும் கரையையும் அரிக்கிறது. ஆற்றின் படுகை தாழ்ந்தால் பாலத் தூண்களின் அடித்தளமும் தடுப்பணைகளின் அடிப்பகுதியும் வெளிப்பட்டு வலுவிழக்கின்றன. தென்பெண்ணையின் குறுக்கே 1950ஐ ஒட்டிக் கட்டப்பட்ட எல்லீசு சத்திரம் அணைக்கட்டும், 2020இல் கட்டி முடிக்கப்பட்ட தளவானூர் தடுப்பணையும் 2021 வெள்ளத்தில் உடைந்தன. கட்டுமானத் தரம், வெள்ள அளவு, ஆற்றுப் படுகையின் நிலை ஆகிய மூன்றையும் சேர்த்தே இத்தகைய உடைப்புகளை ஆராய வேண்டும். முகத்துவாரத்தில் மணல் வரத்து குறைவது கடற்கரை அரிப்பையும் கூட்டுகிறது.

மண்ணரிப்பைக் கணக்கிடுதல்

மண்ணரிப்பைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் எளிய முறை, அமெரிக்காவின் விசுமெயர், சுமித் ஆகியோர் உருவாக்கிய பொது மண் இழப்புச் சமன்பாடு. இதில் ஐந்து காரணிகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன:

- மழையின் அரிக்கும் ஆற்றல்
- மண் கரையும் தன்மை
- சரிவின் நீளமும் செங்குத்தும்
- பயிர் மூட்டம்
- பாதுகாப்பு நடவடிக்கை

இவற்றுள் முதல் காரணியைத்தான் காலநிலை மாற்றம் நேரடியாக உயர்த்துகிறது. காரணிகள் பெருக்கப்படுவதால் ஒரு முக்கிய உண்மை கிடைக்கிறது. மழையின் ஆற்றல் 20 விழுக்காடு உயர்ந்தாலும், மூடாக்கின் மூலம் பயிர் மூட்டக் காரணியைப் பாதியாகக் குறைத்தால் மொத்த இழப்பு முன்பிருந்ததில் 60 விழுக்காடாகக் குறையும் (1.2 × 0.5 = 0.6). மழையை ஓர் ஊரால் மாற்ற முடியாது. கடைசி இரண்டு காரணிகளை மாற்ற முடியும்.

2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, நீரால் ஏற்படும் உலக மண்ணரிப்பு 2070க்குள், வெளியிடப்படும் பசுங்குடில் வளிகளின் அளவைப் பொறுத்து, 30 முதல் 66 விழுக்காடு வரை உயரக்கூடும் எனக் கணித்தது.

தடுப்பு முறைகள்

வயலில்: சரிவுக்குக் குறுக்கே உழுதலும் விதைத்தலும் செலவில்லாத முதல் நடவடிக்கை. சம உயர வரப்பு, கல் வரப்பு, வரப்பில் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல் நடுதல் ஆகியவை ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. கேழ்வரகுடன் அவரை, துவரை போன்றவற்றை வரிசையாகக் கலந்து விதைக்கும் பழைய முறை, நிலத்தை நீண்ட காலம் மூடி வைக்கிறது. தக்காளி வயலில் பாத்திகளுக்கு இடையே வைக்கோல் அல்லது பயிர்க் கழிவைப் பரப்புதல் மழைத்துளியின் தாக்கத்தைத் தடுக்கிறது. நெகிழித்தாள் மூடாக்கு பாத்தியைக் காத்தாலும், அதன்மேல் விழும் நீர் முழுவதும் வாய்க்காலில் பாய்வதால், வாய்க்காலின் முடிவில் பண்ணைக்குட்டை அமைப்பது தேவை.

ஓடையில்: மேலிருந்து கீழாகச் சீரமைப்பதே நீர்வடிப்பகுதி மேம்பாட்டின் அடிப்படை விதி. முதலில் குன்றின் சரிவு, பிறகு வயல், அதன் பிறகு ஓடை, கடைசியாக ஏரி. மேற்பகுதியைக் கவனிக்காமல் கீழே கட்டும் தடுப்பணை சில மழைக்காலங்களிலேயே மண்ணால் நிரம்பிவிடும்.

ஏரியில்: கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு இடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். அரித்துப்போன மேல்மண் அதன் வழியே மீண்டும் நிலத்துக்குத் திரும்பியது; ஏரியும் ஆழமாக இருந்தது. 1934இல் முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் முதன்முறையாக 2017இல் வண்டல் அள்ளும் பணி தொடங்கியபோது, உழவர்கள் அதை இலவசமாக எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். 2024இல் ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. வண்டல் எடுக்கும்போது ஏரியின் கரையையும் மதகையும் ஒட்டித் தோண்டக் கூடாது.

நகரிலும் தொழிற்பேட்டையிலும்: சமப்படுத்திய நிலத்தை மழைக்காலத்துக்கு முன் புல்லால் மூடுதல், எல்லையில் வண்டல் தங்கும் குழி அமைத்தல், ஓடைகளின் அகலத்தைக் குறைக்காதிருத்தல் ஆகியவை தேவை.

மண் பாதுகாப்புப் பணிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை உழவர்களுக்கு உதவுகிறது. உதகமண்டலத்தில் 1954 முதல் இயங்கும் நடுவண் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையமும், காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

இரு மாநிலங்களுக்கும் பொதுவான மண்

தென்பெண்ணை நீர்ப் பங்கீடு குறித்து, குறிப்பாக அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய யார்கோள் அணை குறித்து, இரு மாநிலங்களுக்கும் இடையே வழக்கு உள்ளது. நீரின் அளவைப் பற்றி நடக்கும் பேச்சில் மண்ணும் இடம்பெற வேண்டும். மேலே நந்தி மலைச் சரிவில் காக்கப்படும் மண் கெலவரப்பள்ளியின் கொள்ளளவைக் காக்கிறது. ராயக்கோட்டை வயலில் காக்கப்படும் மண் கிருஷ்ணகிரி அணையின் பாசன நிலங்களைக் காக்கிறது. ஏரியை மீண்டும் தூர் வாரலாம். குன்றின் அடிவாரத்தில் பாறை தெரியும் அளவுக்கு அரித்துப்போன வயலுக்கு மண்ணைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு தலைமுறையால் ஆகாத வேலை.